மூன்று டிகிரியில் ஒரு பிடி

ட்ரோம்சோவில் அந்த ஆய்வுக்கூடம் நிலவறையில் இருக்கிறது.
சன்னல் இல்லை. காப்பி உண்டு.
மணிக்கு நானூறு குரோனர், பேருந்துக் கட்டணம் தனி.
ஏன் வந்தீர்கள் என்ற கட்டத்தில்
பணத்துக்காக என்று எழுதினேன்.

சுன்னிவா என் முழங்கை மடிப்பில்
சட்டைப் பொத்தான் அளவு உலோகம் ஒட்டுகிறாள்,
கட்டைவிரல் மேட்டில் இன்னொன்று.
சுள்ளென்று ஒரு மின்சாரம்.
என்னைக் கேட்காமலே விரல் துள்ளுகிறது
தளத்தில் கொட்டிய மீன் மாதிரி.
"நொடிக்கு ஐம்பத்தாறு மீட்டர்.
உங்கள் வயதுக்கு நல்ல வேகம்" என்கிறாள்.
இந்த வருடம் என்னைப் பற்றி யாரும் சொன்ன
நல்ல வார்த்தை அதுதான்.

பிறகு வாளி.
பனிக்கட்டி கலந்த கடல்நீர், முழங்கை வரை.

முதலில் எலும்புக்குள் ஆணி திருகுகிற வலி.
அது போகும்போது
சொல்லிக்கொண்டு போவதில்லை.
ஒரு கட்டத்தில் வாளிக்குள்
யாருடையதோ ஒரு கை கிடக்கிறது.
வெள்ளை. கொஞ்சம் வீங்கியது.

நாற்பத்தொன்று, என்கிறாள்.
இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, இருபத்தெட்டு.
அதற்குப் பிறகு
எண் சொல்வதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்கிறாள்.

"கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடுங்கள்."

தொடு என்கிறேன்.
தலையிலிருந்து புறப்பட்ட சொல்
தோளைத் தாண்டுகிறது, முழங்கையைத் தாண்டுகிறது,
அப்புறம் சாலை மூடிக் கிடக்கிறது.
கொஞ்சநஞ்சம் போய்ச் சேர்ந்ததையும்
மடக்குகிற தசையும் நீட்டுகிற தசையும்
ஒரே நேரத்தில் கேட்டு
ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன.
பேச்சு நின்றுபோன இரண்டு வீட்டுக்காரர்கள் போல
விரல்கள் இரண்டும்
ஓர் அங்குல இடைவெளியில் நிற்கின்றன.

எனக்கு உடம்பு சூடாகத்தான் இருக்கிறது.
கழுத்தில் வியர்வைகூட.
மூளை தெளிவாக இருக்கிறது. பயமாக இருப்பது அதுதான்.

ஐலிஃபுக்கும் தெளிவாக இருந்திருக்கும்.

மார்ச் மாதம், போட்ஸ்ஃபியூர்டுக்கு வெளியே,
தண்ணீர் மூன்று டிகிரி.
வலை இழுக்கையில் வழுக்கினான்.
முதல் நிமிடம் மூச்சுதான் அவனை அடித்தது,
வாய் திறந்து திறந்து மூடியது.
அப்புறம் அடங்கி, என்னைப் பார்த்தான்.
கயிற்றின் ஒரு முனை என்னிடம்.
நான்காவது வீச்சில்
மறுமுனை அவன் உள்ளங்கையிலேயே விழுந்தது.
அவன் கயிற்றைப் பார்த்தான்.
அதன்மேல் விரல்கள் திறந்து கிடந்தன,
மேசையில் மறந்து வைத்த கையுறைபோல.
அலை வந்து கயிற்றை நகர்த்தியது.

அந்தக் குளிர்காலம் படகின் மேல் கடன் இருந்தது.
வங்கிக் கடிதங்களை அவன் பிரிப்பதில்லை.
ஊருக்கு அது போதும்.
அடக்கத்துக்குப் பின் காப்பிக் கோப்பையோடு
குட்னி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்:
"அவன் பிடித்தானா?"
நான் பார்த்ததைச் சொன்னேன்.
விட்டுவிட்டான், என்றேன்.
பத்தொன்பது வருடமாக அவள் என் வீட்டுக்கு வருவதில்லை,
நானும் ஏன் என்று கேட்பதில்லை.

சுன்னிவா வாளிக்குள் ஒரு கயிற்றுத் துண்டு போடுகிறாள்.
சோதனையில் அதுவும் உண்டாம்.
"பிடியுங்கள்."

பிடிக்கிறேன்.
என் முழு பலத்தோடு, பல்லைக் கடித்து, பிடிக்கிறேன்.
கயிறு என் உள்ளங்கையில் கிடக்கிறது.
விரல்கள் அசையவில்லை.

கைதான் அவனைக் கைவிட்டிருக்கிறது.
படகின் விளிம்பிலிருந்து பார்த்தால்
இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

"போதும், எடுத்துவிடலாம்" என்கிறாள்.
துண்டு சுற்றுகிறாள்.
நடுக்கம் இப்போதுதான் தொடங்குகிறது, தாடையில்.
என் கண்ணைப் பார்த்துவிட்டு
வலிக்கிறதா என்கிறாள்.
ஆமாம் என்பது சுலபம்.

குட்னியின் எண் எனக்கு மனப்பாடம்.
தொலைபேசியை மடியில் வைத்துக்
கண்ணாடியைத் தொடுகிறேன்.
அதற்கு என் விரல் தெரியவில்லை.
மறுபடி தொடுகிறேன்.
"பத்து நிமிடம் பொறுங்கள்" என்கிறாள் சுன்னிவா,
"சூடு வரட்டும். முதலில் வலிதான் வரும்."